வெள்ளை ஹெட்போனுக்கு முதலிடம்

மக்களின் காதுகளைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு வாரியம் உண்டாக்கினார்கள். ஒலித் தணிப்பு வாரியம் என்று பெயர். எங்கே சத்தம் வரம்பு மீறுகிறதோ அங்கே விரைந்து சென்று அதைத் தணிப்பதே வாரியத்தின் தலையாய கடமை என்று திறப்பு விழாவில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு கடைசித் தெரு வரைக்கும் போய்ச் சேர வேண்டுமே என்று வழிநெடுக ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அன்றைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு கைக்குழந்தையும் தூங்கவில்லை.

வாரியத்துக்கு ஒரு மாடிக் கட்டடம் கொடுத்தார்கள். சத்தத்தை அளக்க வேண்டுமானால் முதலில் சத்தமே இல்லாத அறை ஒன்று வேண்டும் என்று சட்டதிட்டத்தில் எழுதியிருந்தது. ஆகவே மேல்மாடியில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றைக் கட்டி, சுவரெல்லாம் மெத்தை ஒட்டினார்கள். ஜன்னல் இல்லாததால் உள்ளே மூச்சு முட்டியது, ஏசி வைத்தார்கள். ஏசியைப் போட்டால் கட்டடத்தின் விளக்கெல்லாம் மங்கியது. ஏசிக்கென்று தனியாக ஜெனரேட்டர் வாங்கினார்கள். யானைக்குட்டி அளவுக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். அதை வாசல் பக்கம் வைக்கலாம் என்றால் அங்கே தலைவரின் அறை. பின்பக்கம் வைக்கலாம் என்றால் இயக்குநரின் அறை. பக்கவாட்டில் ஒரு சந்து இருந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் பொதுமக்களில் யாரோ ஒருவருடைய ஜன்னல்தான் இருந்தது. சந்திலேயே வைத்துவிட்டார்கள்.

அந்த யாரோ ஒருவர், ஒரு துணிக் கிடங்கின் இரவுக் காவல்காரர். தெருவில் அவருக்கு ஆந்தை என்று பெயர். ஊர் படுக்கப் போகும்போது டார்ச்சும் தடியுமாகக் கிளம்புவார். ஊர் பல் துலக்கும்போது வந்து படுப்பார். வருஷக்கணக்காக அப்படியே பழகிய உடம்பு, பகல் வெளிச்சம் அவரை ஒன்றும் செய்யாது. ஆனால் தலைமாட்டில் ஒரு ஜெனரேட்டர் காலை முதல் மாலை வரை தடதடவென்று ஓடினால் எந்த ஆந்தைதான் தூங்கும்? கட்டில் நடுங்கியது. அடுக்களையில் பாத்திர மூடிகள் தாளம் போட்டன. தலையணையை எடுத்துக் காதின்மேல் அழுத்திக்கொண்டால், சத்தம் கட்டில் வழியாக ஏறிப் பல்லுக்கு வந்தது.

பகலில் வராத தூக்கம் சும்மா விடுமா? இரவில் கிடங்குக்குத் தேடி வந்தது. முதலாளி ஒரு நாள் விடியற்காலையில் வந்து பார்த்தபோது, காவல்காரர் துணிப் பொதியின்மேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஆந்தைன்னு நம்பி வேலைக்கு வெச்சேன், நீ கோழி மாதிரி பொழுது சாஞ்சதும் கண்ண மூடுற" என்றார் முதலாளி. "இன்னொரு தடவை பாத்தேன், அப்படியே வீட்டுக்குப் போய்த் தூங்கிக்க."

வீட்டுக்குப் போய்த் தூங்குவது ஒன்றுதான் தன்னால் முடியாத காரியம் என்பதை ஆந்தை முதலாளியிடம் சொல்லவில்லை.

ஆந்தையின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த ரொட்டிக்கடைத் தம்பிக்கும் இதே கதிதான். அவனுக்கும் ராத்திரி வேலை, அடுப்படியில். இரண்டு பேரும் சிவந்த கண்ணோடு மாடிப்படியில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"எதிர்ல இருக்கறது சத்தத்த அடக்குற ஆபீசுதானேங்க?" என்றாள் ஆந்தையின் மனைவி. "நேராப் போய்ச் சொல்லுங்க. கால எட்டிப் போட்டா எட்டுற தூரம்."

"அண்ணே, எனக்கும் சேத்துச் சொல்லிடுங்க" என்றான் ரொட்டிக்கடைத் தம்பி.

"உன்ன விட்டுட்டா சொல்லுவேன்?" என்றார் ஆந்தை. சலவைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வாரியத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கவுன்டர். அதில் ஓர் அம்மாள்.

"என்ன வேணும்?"

"ஜெனரேட்டர் சத்தம் தாங்க முடியலைங்க மேடம்."

"என்னது?"

"ஜெனரேட்டர்! சத்தம்!"

"கொஞ்சம் கத்திச் சொல்லுங்க. இந்த ஜெனரேட்டர் சத்தத்துல ஒரு எழவும் கேக்க மாட்டேங்குது."

"அதத்தான் மேடம் நானும் சொல்றேன்!"

கவுன்டர் அம்மாள் பேனாவை எடுத்தாள். "யாரோட ஜெனரேட்டர்?"

"உங்களோடதுதான்."

பேனா கீழே இறங்கியது. "அப்ப இது வெளிப் புகார் இல்ல, உள் புகார். உள் புகார் ஏற்கெனவே ஒண்ணு நிலுவையில இருக்கு."

"அத யாரு குடுத்தாங்க?"

"நாங்கதான். எங்களுக்கு மட்டும் காது இல்லையா? ஒரு வேலை பாக்க முடியல. எங்க புகார் மூத்தது. அது தீர்ந்ததும் உங்களோடத எடுப்பாங்க."

ஆந்தைக்கு மனசு நிறைந்துவிட்டது. அதிகாரிகளுக்கே அதே தொந்தரவு என்றால் அப்புறம் என்ன கவலை? அவர்கள் புகார் தீர்ந்தால் ஜெனரேட்டர் போகும். ஜெனரேட்டர் போனால் தன் புகாரும் தானாகத் தீரும். மாடிப்படியில் காத்திருந்த தம்பியிடமும் அப்படியே சொன்னார். அதிகாரிகளின் கஷ்டம் தீர்ந்தால் கூடவே நம் கஷ்டமும் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒழுங்காக வரி கட்டுகிறவர்களும் அவர்கள்தான்.

வாரியம் தன் சொந்தப் புகாரை மின்னல் வேகத்தில் கையில் எடுத்தது. ஜெனரேட்டரை நிறுத்திப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது நிரந்தரச் சொத்து. நன்கு ஆராய்ந்து, அலுவலர் ஒவ்வொருவருக்கும் மூடிய வகை ஹெட்போன் ஒன்று வழங்குவது என்று தீர்மானித்தார்கள். இந்த வகை ஹெட்போனில் காதைக் கவ்வும் கிண்ணத்தின் முதுகு அடைத்திருக்கும். வெளியே யார் என்ன கத்தினாலும் உள்ளே வராது. உள்ளே என்ன பாடுகிறது என்பது பக்கத்து நாற்காலிக்குத் தெரியாது. அரசு அலுவலகத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு சாதனம். இது ஏன் இத்தனை நாள் கண்ணில் படாமல் போயிற்று என்று இயக்குநர் வருத்தப்பட்டார்.

எதை வாங்குவது என்று சொல்ல ஓர் ஒலி ஆலோசகரை அமர்த்தினார்கள். செதுக்கிய தாடி, டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப் போட்டுக்கொள்கிற மாதிரி கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன். அந்தக் காலத்தில் கழுத்தில் ஹெட்போன் இல்லாமல் தெருவில் நடப்பது சட்டையில்லாமல் நடப்பது போல ஆகியிருந்தது. பாட்டுக் கேட்கிறவர்கள் குறைந்து, ஹெட்போனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெருகியிருந்த நேரம்.

"வெறுமனே காதை மூடறதுக்கா ஹெட்போன்? அதுக்குப் பஞ்சு போதுமே சார்" என்று ஆரம்பித்தார் ஆலோசகர். உண்மை இப்படி வாய் தவறி வந்துவிட்டது. அவர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "நான் சொல்ல வர்றது என்னன்னா, ஒவ்வொரு இசைக்கும் ஒவ்வொரு ஹெட்போன். நீங்கள்லாம் என்ன இசை கேப்பீங்கன்னு தெரியாம எதையும் வாங்கக் கூடாது."

தனக்குச் சிம்பொனி என்றார் தலைவர். கல்லூரி நாளிலிருந்தே ராக் என்றார் இயக்குநர். கல்லூரியில் அவர் வளர்த்தது முடி மட்டும்தான். கணக்கு அதிகாரி ஜாஸ் என்றார். ஜாஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது; ஆளுக்கொன்று சொல்லும்போது தானும் ஒன்று சொல்லாவிட்டால் மரியாதை இல்லையே என்று சொன்னார். கவுன்டர் அம்மாளுக்குச் சோகப் பாட்டு.

கருப்பு, சாம்பல், வெள்ளை என்று மாதிரிகள் வந்து இறங்கின. தலைவர், இயக்குநர், கணக்கு அதிகாரி ஆகியோர் அடங்கிய ஒப்பீட்டுக் குழு மெத்தை ஒட்டிய அறையில் கூடியது.

"கருப்புல பேஸ், அதாவது அடி ஒலி, நல்லா சூடா இருக்கு" என்றார் ஆலோசகர்.

கணக்கு அதிகாரி ஹெட்போனைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார். "லேசாத்தான் சார் சுடுது."

"அது உங்க காது சார். நான் ஒலியச் சொல்றேன். ராக்குக்கு இதுதான். ஆனா சிம்பொனின்னு வந்தா வாத்தியக்காரங்க எல்லாரும் ஒரே பெஞ்சுல நெருக்கியடிச்சு உக்காந்த மாதிரி இருக்கு. மூடிய வகைன்னாலே இடம் பத்தாது. தலைவர் சார், வயலின்காரர் எங்க உக்காந்திருக்காருன்னு தெரியுதா?"

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "இடது பக்கம்."

"எவ்வளவு தூரத்துல?"

"கதவுக்குப் பக்கத்துல" என்றார் தலைவர். பதவிக்கு ஏற்ற காது என்று குழு தன் வியப்பைப் பதிவு செய்தது.

சாம்பலில் பாடகியின் மூச்சு கேட்டது. ஆனால் டிரம்ஸ் அட்டைப்பெட்டியாகத் தட்டியது. வெள்ளையில் எல்லாம் பளபளத்தது. ஆனால் அந்தப் பளபளப்பில் கொஞ்சம் ஆணவம் தெரிவதாக ஆலோசகர் சொன்னார். குழுவுக்கும் தெரிந்தது. புது ஹெட்போன் புது மாப்பிள்ளை மாதிரி முதலில் விறைப்பாகத்தான் இருக்கும், விடாமல் பாடவிட்டுப் பழக்கினால்தான் குணம் தெரியும் என்றும் அவரே சொன்னார். பழகுகிற ஹெட்போன்களுக்கு வேர்க்கக் கூடாது. ஆகவே விடுமுறை நாளிலும் ஏசி ஓட உத்தரவானது. ஆந்தைக்கும் ரொட்டிக்கடைத் தம்பிக்கும் மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் அத்தோடு போயிற்று.

ஆந்தை மறுபடி வாரியத்தின் படியேறினார். மூத்த புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கத்தான் வந்தார். ஆனால் குழுவோ, விருப்பு வெறுப்பற்ற காது ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எந்த இசை பிடிக்கும்?" என்றார் ஆலோசகர்.

"எனக்கு ஒண்ணும் இல்லாம இருந்தா போதும் சார்."

"அருமை! கறைபடாத காது!" என்று சொல்லி, அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கருப்பு ஹெட்போனை மாட்டி, ராக் இசையைப் போட்டார்.

உள்ளே கிட்டார்கள் அலறின. ஆனால் ஆந்தையின் காதில் அது விழுந்ததோ இல்லையோ, மாதக்கணக்கில் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த தடதட மட்டும் நின்றுவிட்டது. கட்டில் நடுக்கம் இல்லை, பல் நடுக்கம் இல்லை. தலை சாய்ந்தது. அடுத்த நொடி குறட்டை வந்தது.

குழு பிரமித்துப் போயிற்று.

"ராக்ல தூங்கிட்டாரே!" என்றார் இயக்குநர். அவருக்கு அது சொந்த அவமானம்.

"அப்படின்னா கருப்பு ராக்குக்கு லாயக்கில்லை" என்றார் கணக்கு அதிகாரி.

"தப்பு. கருப்புல ராக் தாலாட்டு மாதிரி அவ்வளவு பதமா இருக்குன்னு அர்த்தம்" என்றார் ஆலோசகர்.

வாதம் முற்றியது. ஆந்தையை எழுப்பி அவர் வாக்குமூலத்தையே கேட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, இந்தக் கருப்ப எனக்குக் குடுத்துடுங்க. இல்ல, அந்த ஜெனரேட்டர நிறுத்துங்க. தூக்கமில்லாம என் வேலை போகப் போகுது. மேல்வீட்டுத் தம்பிக்கும் அப்படித்தான்."

"பொதுமக்களுக்கு ஹெட்போன் வழங்க விதி இல்ல" என்றார் கணக்கு அதிகாரி.

"அப்ப ஜெனரேட்டர்?"

"ஜெனரேட்டர் நின்னா எங்களுக்கு ஹெட்போன் வழங்க விதி இல்ல."

இதில் எந்த ஓட்டையும் இல்லை என்பதால் ஆந்தை எழுந்து வெளியே வந்தார். ஆனாலும் அவர் கும்பிட்டது வீண் போகவில்லை. அவர் புகாருக்கும் ஒரு முடிவு காணச் சொல்லி, தலைவர் அதை ஆலோசகரிடம் ஒப்படைத்தார். ஆலோசகர் சந்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஜெனரேட்டரை ஒரு பொழுது முழுக்க ரசித்துக் கேட்டார். பிறகு எழுந்து தீர்ப்புச் சொன்னார். ஒரே தாளம், பிசகவில்லை, நடுநடுவே டீசல் விக்கும்போது ஓர் எதிர்பாராத திருப்பம். ஆகவே இது சத்தம் அல்ல, தாளவகை இசை.

ஆந்தைக்குப் பதில் வந்தது. தாங்கள் புகார் செய்துள்ள பொருள் இசை என நிபுணரால் கண்டறியப்பட்டுள்ளதாலும், இசையைத் தணிக்க வாரியத்துக்கு அதிகாரம் இல்லாததாலும், தங்கள் புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது. கட்டணமின்றி நாள்தோறும் இசை கேட்கும் வாய்ப்பைத் தாங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கண்டிருந்தது.

"என்ன அண்ணே போட்டிருக்கு?" என்று கேட்டான் ரொட்டிக்கடைத் தம்பி.

"ரசிக்கச் சொல்லியிருக்காங்கடா" என்றார் ஆந்தை. அன்று இரவு கிடங்கில் கண்ணுக்குள் மிளகாய்ப் பொடியைத் தூவிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். அவ்வளவு தூரம் போய்விட்டது நிலைமை.

கடைசி ஒப்பீட்டு நாள் வந்தது. எல்லா இசைக்கும் பொதுவாக ஒரு ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும். அன்றைக்கு ஆலோசகர் கடுமையான நிபந்தனைகள் விதித்தார். கண் விழித்திருந்தால் காது சோம்பிவிடும் என்று விளக்கை அணைக்கச் சொன்னார். சுவர் மின்சாரத்தில் அழுக்கு இருக்கிறது என்று பேட்டரியில் பாட்டைப் போட்டார். குழு இருட்டில் வரிசையாக உட்கார்ந்தது. கீழே கவுன்டரில் அலுவல் நேரச் சோதனைக்காகக் கவுன்டர் அம்மாளுக்குச் சாம்பல் ஹெட்போனை மாட்டி, சோகப் பாட்டைப் போட்டுவிட்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கிரேன் வைத்த லாரி ஒன்று சந்துக்குள் நுழைந்தது. நீல உடுப்புப் போட்ட திருடர்கள் இறங்கினார்கள். தொழில் தெரிந்தவர்கள், முறைப்படி கவுன்டருக்குப் போய்த் தலையைக் காட்டினார்கள்.

"மேடம், சந்துல நிக்கிற ஜெனரேட்டர எடுத்துட்டுப் போறோம். சரிதானே?"

கவுன்டர் அம்மாள் பாட்டுக்குத் தலையாட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது.

"பாவம்யா" என்றான் ஒருவன் வெளியே வந்து. "அந்தம்மாவுக்கு அதுமேல எவ்வளவு பாசம் பாரு."

ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். படுக்கையில் புரண்டுகொண்டிருந்த ஆந்தை திடுக்கிட்டு எழுந்து ஜன்னலுக்கு வந்தார். அத்தனை நாள் கழித்து வந்த அமைதி அவருக்கு இடி விழுந்தது போல இருந்தது.

"என்னப்பா, எடுத்துட்டுப் போறீங்களா?"

"ஆமாண்ணே."

"திருப்பிக் கொண்டாந்து வெச்சிடுவீங்களா?"

"சத்தியமா மாட்டோம். அண்ணே, இந்தக் கயிற ஒரு நிமிஷம் பிடிங்க."

ஆந்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்தார். கண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. வாரியத்தை என்னென்னவோ திட்டியிருந்தோமே என்று வெட்கப்பட்டார். மாடி ஜன்னலிலிருந்து ரொட்டிக்கடைத் தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, ஜெயிச்சிட்டீங்கண்ணே!" என்று கத்தினான். கிரேன் கிறீச்சிட்டது, ஜெனரேட்டர் ஆடி அசைந்து எழும்பி, வாரியத்தின் சுவரில் ஒருமுறை மோதி, லாரியில் டமாரென்று விழுந்தது.

மேலே இருட்டில் அப்போதுதான் வெள்ளை ஹெட்போனின் முறை. ஜெனரேட்டர் நின்றதும் ஏசியும் நின்றது. கருப்பிலும் சாம்பலிலும் அடிநாதமாக லேசாக இரைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அறவே மறைந்தது. ஆலோசகர் மெய்சிலிர்த்தார். தலைவருக்கு வயலின்காரர் எழுந்து நின்றதுகூடத் தெரிந்தது. பாட்டு மாறியது, ராக் வந்தது, ஜாஸ் வந்தது. எல்லாமே அப்படி ஒரு நிம்மதியான அமைதியின்மேல் ஒலித்தன. சுவர் அதிர்ந்தபோது, "என்ன பேஸ்!" என்று இயக்குநர் முழங்காலில் தட்டிக்கொண்டார். எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. காது வேர்ப்பது மூடிய வகையின் இயல்பு என்று ஆலோசகர் முன்னமே சொல்லியிருந்ததால், முதுகு வேர்த்ததையும் அதன் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள்.

எல்லா இசைவகையிலும் வெள்ளைக்கே முதலிடம். அன்றே மொத்தமாக வாங்க உத்தரவும் போட்டாயிற்று. பிறகு கதவைத் திறந்து, கீழே வந்து, சந்தைப் பார்த்தார்கள்.

ஆந்தையை அழைத்து வரச் சொன்னார் தலைவர்.

"ஜெனரேட்டர யாரு எடுத்துட்டுப் போனது?"

"நீங்கதாங்கையா. நான்தான் கயிறு பிடிச்சேன்" என்றார் ஆந்தை பெருமையாக. "ரொம்ப நன்றிங்கையா."

"யோவ், அது திருட்டுய்யா! நீ ஏன் தடுக்கல?"

"உங்க ஆபீஸ் சந்துல, உங்க எல்லாரையும் உள்ள வெச்சுக்கிட்டு கிரேன் போட்டு எடுத்தாங்க. திருட்டுன்னு எப்படிங்கையா நினைப்பேன்?"

தலைவர் போலீசுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். இயக்குநர் மெல்ல அவர் கையைப் பிடித்தார். "சார், அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்க."

"இங்கதான் இருந்தோம்."

"கிரேன் வந்துச்சே, என்ன கேட்டுச்சுன்னு கேப்பாங்க."

தலைவர் சற்று யோசித்தார். "வயலின்" என்றார். தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் சுமுகமாக நடந்தது. குடிமகன் ஒருவரின் புகாரை ஏற்று, வாரியம் தன் சொந்த ஜெனரேட்டரையே அகற்றிவிட்டதாகச் செய்தி கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஆந்தையின் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வாரியத்தின் முதல் வெற்றி என்று போட்டார்கள், அது உண்மையும்தான். தெருவில் அமைதி வந்தது. ஆந்தை பகலெல்லாம் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். இரவில் கிடங்கைக் கண் கொட்டாமல் சுற்றி வந்தார். முதலாளி முறைப்பதை நிறுத்தினார். ரொட்டிக்கடைத் தம்பி சும்மா சும்மா கீழே இறங்கி வந்து, "அண்ணே, ஒங்களாலதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஹெட்போன்கள் பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்த அன்று கணக்கு அதிகாரி பில்லைத் தூக்கிக்கொண்டு தலைவரிடம் ஓடினார்.

"சார், ஆபீஸ்ல சத்தம் தாங்கலன்னு காரணம் காட்டித்தான் இவ்வளவு வாங்கியிருக்கோம். இப்ப சத்தம் எங்கன்னு தணிக்கைக்காரங்க கேட்டா?"

காதை வைத்துக் கேட்டார்கள். சத்தம் எங்குமே இல்லை. வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்தது. அதை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. ஏசி வேறு ஓடாமல் அறை புழுங்கியது. ஆகவே அவசர நிலையைக் கருதி, முன்னதைவிடப் பெரிதாக ஒரு ஜெனரேட்டர் வாங்குவதென்று முடிவாயிற்று. ஹெட்போனுக்குச் செலவான தொகை முழுவதும் நியாயமாக வேண்டுமானால் அந்த அளவுக்குச் சத்தம் வேண்டும் என்று ஆலோசகர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். போன ஜெனரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதால், இதற்கு ஒரு பகல் காவலாளியையும் நியமிக்கச் சொன்னார்கள்.

புது ஜெனரேட்டர் வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஆந்தை பூங்கொத்தில் காய்ந்து மிஞ்சிய குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்கே ஏறிவிட்டார். அவரை அவ்வளவு கோபமாக யாரும் பார்த்ததில்லை.

"என்னங்கையா இது அநியாயம்! படம் பிடிச்சு முடிச்சதும் மறுபடி கொண்டாந்து வெக்கறீங்க. நாங்க மனுஷங்க இல்லையா? நானும் அந்தத் தம்பியும் சாவறதா?"

தலைவர் அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு காதிலிருந்து வெள்ளை ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "காவலாளி வேலை காலியா இருக்கு. நிரந்தரம். பென்ஷன் உண்டு. ஹெட்போனும் உண்டு. உங்களுக்குத்தான் தரணும்னு குழு ஆசைப்படுது" என்றார்.

ஆந்தை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"அரசாங்க வேலையா!" அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "எந்தச் சாமி புண்ணியமோ!"

"அந்த ஜெனரேட்டர் பக்கத்துலயே நாள் பூரா உக்காரணுமாம்டி."

"உக்காருங்க. அதுக்குன்னு ஹெட்போனும் தர்றாங்கன்னு சொன்னீங்களே. ராத்திரி எல்லாரையும் போல நிம்மதியாத் தூங்கலாம். பகல்ல அது ஓடினா நமக்கென்ன? நான் அக்கா வீட்டுப் பக்கம் போய்க்கறேன்."

"மேல தம்பி இருக்கானே."

"அவன் பாவம்தான்" என்றாள் மனைவி. "முதல்ல நீங்க போய்ச் சேருங்க. உள்ள போய் உக்காந்துக்கிட்டு அப்புறம் அவனுக்காகப் பேசலாம்."

உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அப்புறம் பேசலாம் என்பது உலகத்தில் நிறையப் பேர் சொல்லிவிட்டுப் போன சொல். ஆந்தையும் சொல்லிக்கொண்டார். பிறகு காக்கி உடுப்புக்கு அளவு கொடுக்கப் போனார்.

புது ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்த அன்று ரொட்டிக்கடைத் தம்பி மாடியிலிருந்து கலைந்த தலையோடு ஓடி வந்தான். ஆந்தை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியில், காக்கி உடுப்பில், வெள்ளை ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். தம்பி அவர் முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னான். வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்திருந்தது, அந்தச் சிவப்பு எதனால் என்று ஆந்தைக்குத் தெரியாதா என்ன? ஹெட்போனைக் கழற்றக் கை போனது. கழற்றினால் சத்தம் உள்ளே வந்துவிடுமே என்று பாதியில் நின்றது. உள்ளே ஒரு பாட்டு நல்ல இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மனிதக் குரலுக்கும் இந்த வெள்ளை எவ்வளவு பாந்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தாளத்துக்குத் தலையை ஆட்டினார்.

தம்பி அதைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மாடிக்குப் போனான்.

அவன் இப்போது அடுப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறானாம். காலையில் வருகிற ரொட்டியெல்லாம் ஒரு பக்கம் கரி. முதல் நாள் நாமும் கொஞ்சம் முணுமுணுத்தோம். பிறகு கரியைக் கத்தியால் சுரண்டிவிட்டுத் தின்னப் பழகிக்கொண்டோம். சுரண்டுகிற சத்தத்தில் பல் கூசத்தான் செய்கிறது. அதற்கென்ன, வெள்ளை ஹெட்போன் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.